அம்மாவின் கைப்பேச்சு

கண்ணுவுக்குக் காது கேட்காது. ஆறு வயதில் அவளை அவள் அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து காதுகேளாதோர் பள்ளியில் விட்டபோது, வாங்கி இறக்கிவைத்தவர் அங்கே பாடம் நடத்திய சிஸ்டர்தான். இவ்வளவு பெரிய பிள்ளையை எதற்கு இடுப்பில் சுமந்து வருகிறாள் என்று சிஸ்டர் நினைத்தார். இறக்கிவிட்ட மறு நொடியே பிள்ளை வாசலைப் பார்த்து ஓடியது. அப்போது புரிந்தது.

மடத்துச் சிஸ்டர்கள் நடத்திய வளாகம் அது. ஒரு பக்கம் பள்ளிக்கூடமும் விடுதியும். மறுபக்கம் சின்ன ஆஸ்பத்திரி. நடுவில் மாதா கோவிலும் ஒரு பொதுக் கிணறும். சுற்றிலும் இருந்த ஊர்களில் செங்கல் சூளையையும் கல் குவாரியையும் விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. நோயாளிகள் ஒரு கேட் வழியாகவும் பிள்ளைகள் இன்னொரு கேட் வழியாகவும் வருவார்கள். வர முடியாதவர்களைத் தேடி டாக்டரம்மா வாராவாரம் வேனை எடுத்துக்கொண்டு சூளை சூளையாகப் போவார்.

சிஸ்டர் அந்தப் பள்ளியில் பல வருடங்களாகச் சைகை மொழி சொல்லிக்கொடுப்பவர். வாயால் பேசும்போதும் அவர் கை சும்மா இருக்காது. சாப்பாட்டு மேசையில் அவருக்குப் பக்கத்தில் யாரும் தம்ளர் வைக்கமாட்டார்கள். "நீங்க ஜெபம் பண்றப்பவாவது கையக் கட்டிக்குங்க, சாமி பயந்துடப் போறாரு" என்று மடத்துத் தலைவி மதர் கேலி செய்வார்.

அந்தக் கையைப் பார்த்துத்தான் கண்ணு வளர்ந்தாள். முதல் வாரம் முழுவதும் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், அடுத்த வருடத்திற்குள் விடுதியையே ஆட்டிவைத்தாள். மதர் நடப்பது போல நடந்து காட்டுவாள். சமையல்கார அக்கா குழம்பை ருசி பார்த்துவிட்டு முகம் சுளிப்பது போலச் சுளித்துக் காட்டுவாள். கணக்கில் புலி. பன்னிரண்டு வயதில் அவள் கை வேகத்துக்கு சிஸ்டராலேயே சில நேரம் ஈடுகொடுக்க முடியவில்லை. "மெதுவா, மெதுவா, எனக்கு வயசாச்சு" என்று கெஞ்ச வேண்டியிருந்தது.

மாதத்தின் முதல் ஞாயிறு பெற்றோர் வரும் நாள். கண்ணுவின் அம்மா செங்கல் சூளையில் வேலை செய்தாள். வெயில் காலத்தில் சூளையில் லீவு கிடையாது. மழை வந்து சூளை நின்றால்தான் அவளைப் பார்க்க முடியும். வரும்போது முடி நிறையச் செம்மண்ணோடு வருவாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு வேப்பமரத்தடியில் நாள் பூராவும் உட்கார்ந்திருப்பாள். அப்பாவைப் பற்றி அவள் ஒருமுறைதான் சொன்னாள். "இது பேசாதுன்னு தெரிஞ்சதும் போனவருதான் சிஸ்டர்."

போன மழைக்காலத்தில் அவள் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. ஒவ்வொரு முதல் ஞாயிறும் கண்ணு தலை வாரிக்கொண்டு கேட் பக்கம் போய் நிற்பாள். சாயந்திரம் சிஸ்டர்தான் போய் அழைத்து வருவார். "அம்மாவுக்கு வேலை" என்று கையால் சொல்வார். கொஞ்ச மாதங்களில் கண்ணு கேட்டுக்குப் போவதை நிறுத்தினாள். "எனக்கு அம்மா இல்லன்னு வெச்சுக்கறேன்" என்று ஒருநாள் சொன்னாள். அப்படிச் சொல்லக்கூடாது என்று சிஸ்டர் அதட்டினார். ஆனால் அவர் மனசுக்குள்ளும் கோபம் இருந்தது. எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறார். கொண்டுவந்து விட்டதும் கடமை தீர்ந்தது என்று போய்விடுகிறவர்கள். இவளும் அப்படித்தான் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டார்.

ஒரு நாள் பாதி வகுப்பில் ஆஸ்பத்திரி ஆயா வந்து வாசலில் நின்றாள்.

"சிஸ்டர், டாக்டரம்மா உடனே வரச் சொன்னாங்க. கண்ணுவோட அம்மாவ கொண்டாந்திருக்காங்க."

"கொண்டாந்திருக்காங்கன்னா?"

ஆயா தரையைப் பார்த்தாள்.

பெண்கள் வார்டுக்கு வெளியே டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் கண்ணுவின் தாய்மாமா, தோளில் கிடந்த துண்டை முறுக்கிக்கொண்டு நின்றார். அக்காவை அவர்தான் செங்கல் லாரியில் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"கர்ப்பப்பைல கேன்சர், சிஸ்டர்," என்றார் டாக்டரம்மா. "எல்லா இடத்துக்கும் பரவியாச்சு. வலி தெரியாம பாத்துக்கலாம். அதுக்கு மேல என் கையில ஒண்ணும் இல்ல." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நம்ம வேன் அவங்க சூளைக்குத்தானே போகுது. நான் நேர்ல கேட்டிருக்கேன். எனக்கு ஒண்ணுமில்ல டாக்டரம்மா, பின்னால இருக்கறவங்களப் பாருங்கன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னா. நானும் நம்பிட்டு அடுத்த ஆளப் பாத்தேன்" என்றார்.

சிஸ்டர் உள்ளே போனார். ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தவளை முதலில் அடையாளம் தெரியவில்லை. முடியில் செம்மண் இல்லை. நர்ஸம்மா குளிப்பாட்டி விட்டிருந்தார். முகம் மெழுகு மாதிரி இருந்தது.

"திட்டணும்னா திட்டிடுங்க சிஸ்டர்," என்றாள் அவள். "ஒரு வருசத்துக்கு மேல பிள்ளைய வந்து பாக்கல."

"ஏம்மா வரல?"

"எப்படி வர்றது சிஸ்டர்? ரத்தம் நிக்கவே இல்ல. பஸ்ல ஒக்காந்தா சீட்டெல்லாம் ஆயிடும். ஒருதடவ கெளம்பி வந்தேன். பாதி வழியில கண்டக்டர் பாத்துட்டாரு. நான் எறங்கிட்டேன். நடந்தே வீட்டுக்குத் திரும்பிட்டேன்."

சிஸ்டர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

சாயந்திரம் கண்ணுவை அழைத்து வந்தார். வழியில், "அம்மா வந்திருக்காங்க, உடம்பு சரியில்ல" என்று மட்டும் சொன்னார். கண்ணு கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். நெருங்கிப் போகவில்லை. அம்மா எழுந்து உட்கார முயன்று, முடியாமல், படுத்தபடியே வயிற்றை மூன்று தரம் தட்டிப் புருவத்தைத் தூக்கினாள். சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். சிஸ்டருக்கே அது புரிந்தது. கண்ணு உதட்டைச் சுழித்தாள். பள்ளிக்கு வருமுன் வீட்டில் பழகிய சைகை அது. இப்போது அவளுக்கு அது மழலை.

"ஏன் வரல? எல்லா அம்மாவும் வந்தாங்க" என்று அவள் கை படபடத்தது. சிஸ்டர் அதை வாயால் சொன்னார். அம்மா பதில் சொன்னாள். சிஸ்டர் அந்தப் பதிலைக் கையால் சொல்லத் திரும்பினார். கண்ணு கண்களை இறுக்க மூடிக்கொண்டாள்.

காது கேட்கிற பிள்ளை என்றால் காதைப் பொத்திக்கொண்டாலும் நாலு வார்த்தை உள்ளே போகும். கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற இந்தப் பிள்ளையிடம் எதைச் சொல்வது? சிஸ்டர் அவள் தோளைத் தொட்டார். உதறினாள். கண்ணைத் திறக்காமலேயே திரும்பி, கட்டில்களில் இடித்துக்கொண்டு, கதவைத் தடவிப் பிடித்து வெளியே போனாள்.

அம்மா கூப்பிடவில்லை. கூப்பிட்டால் கேட்காது என்பது அவளுக்குப் பழகிய விஷயம்.

"எங்களுக்குள்ள ஒரு பேச்சு இருந்துச்சு சிஸ்டர்," என்றாள் பிறகு. "சூளையில நான் சுடாத பச்சக் கல்லு அடுக்குவேன், அது பக்கத்துல மண்ணுல ஒக்காந்திருக்கும். தண்ணிக்கு ஒண்ணு, தூக்கத்துக்கு ஒண்ணு, மழைக்கு ஒண்ணு, மொதலாளி வர்றாருங்கறதுக்கு ஒண்ணு. நாங்களா வெச்சுக்கிட்டது. வேற யாருக்கும் தெரியாது. மொதலாளிக்கு நாங்க வெச்ச சைகைய அவரே பாத்துட்டு, என்னம்மா உன் பிள்ளைக்கு வயித்து வலியான்னு கேட்டாரு." சிரிக்கப் போய் வலியில் நிறுத்திக்கொண்டாள். "நீங்க அதுக்கு நல்ல பேச்சு குடுத்தீங்க. படிப்பு குடுத்தீங்க. நான் குறை சொல்லல. ஆனா அது எனக்குத் தெரியாத பேச்சா போச்சு. பிள்ள வேகமா கையாட்டும்போது நான் சும்மா தலையாட்டிக்கிட்டு ஒக்காந்திருப்பேன்."

வேப்பமரத்தடியில் நாள் பூராவும் அவர்கள் உட்கார்ந்திருந்தது சிஸ்டரின் கண்ணில் வந்தது. தூரத்திலிருந்து பார்க்க எவ்வளவு அழகாக இருந்தது. பேசிக்கொள்ள ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. புதிதாக வரும் பிள்ளைகள் வீட்டுச் சைகையைக் காட்டும்போது, அதை விடு, இப்படிச் சொல் என்று அவர்தான் அந்தச் சின்னக் கைகளைப் பிடித்துத் திருத்துவார். சீக்கிரம் கற்றுக்கொள்ளட்டும் என்றுதான் அப்படிச் செய்வார். பெற்றவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் பேச்சு வரும். சூளையை விட்டு யார் வந்து உட்காரப் போகிறார்கள் என்று அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோகும்.

"எனக்கு சொல்லித் தர்றீங்களா சிஸ்டர்?" என்று அவள் கேட்டாள். "கொஞ்சம் போதும். உன்ன வேண்டாம்னு விடல, உடம்புக்கு முடியாமத்தான் வரலன்னு என் கையாலயே அதுகிட்ட சொல்லணும். நீங்க சொன்னா அது கண்ண மூடிக்குது."

மறுநாளிலிருந்து மத்தியான வேளையில் பாடம் ஆரம்பித்தது. வலிக்கு மருந்து கொடுத்துக் கொஞ்ச நேரம் கழித்து அவள் முகம் தெளியும். பிறகு தூக்கம் வந்துவிடும். அந்த இடைவெளியில்தான் பாடம். நேற்றுச் சொன்னது இன்று மறந்துபோகும். மண்ணிலும் கல்லிலும் காய்த்துப்போன விரல்கள் லேசில் மடங்காது. "நான்", "நீ", "உடம்பு", "வரல" என்று ஒவ்வொன்றாக வந்தது. பக்கத்துக் கட்டிலில் கால் ஒடிந்து கிடந்த கிழங்கு வியாபாரி அக்காவும் சேர்ந்துகொண்டாள். "டீ" என்பதற்கான சைகையைக் கற்றுக்கொண்ட பிறகு அவள் வாயைத் திறந்து டீ கேட்பதே இல்லை. வார்டின் அந்தக் கோடியிலிருந்து ஆயாவைப் பார்த்துக் கையை ஆட்டுவாள். "ஏங்க்கா, உங்களுக்கு வாயும் போச்சா?" என்று ஆயா கத்துவாள். வார்டே சிரிக்கும்.

ஒரு நாள் சிஸ்டர் வர நேரமாகிவிட்டது. அம்மா தனியாகவே வியாபாரி அக்காவிடம் சைகை செய்து பழகிக்கொண்டிருந்தாள். "வரல" என்பதை அவள் தலைகீழாகச் செய்தாள். அக்கா, அப்படியில்லை, இப்படி என்று அதைவிடத் தப்பாகச் செய்தாள். ஜன்னல் வலைக்கு வெளியே கண்ணு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை நாளாக அப்படி வந்து நின்றாளோ தெரியாது. சிஸ்டர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, கண்ணு புயல் மாதிரி உள்ளே நுழைந்து கட்டிலுக்குப் போய், அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிச் சரிசெய்தாள். இப்படி. மறுபடி செய். இல்லை, இப்படி.

அம்மா செய்தாள். நான். உடம்பு. முடியல. வரல. பிறகு சிஸ்டர் சொல்லிக்கொடுத்திருந்த கடைசிச் சொல்லை, இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து அழுத்திப் பிள்ளையின் பக்கம் நீட்டி, உன்மேல் ஆசை என்பதைச் செய்தாள். கண்ணு பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கட்டிலில் ஏறி அம்மாவின் பக்கத்தில் ஒண்டிப் படுத்துக்கொண்டாள். சிஸ்டர் செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் திரும்பிப் போனார்.

அதற்குப் பிறகு வந்தவை நல்ல நாட்கள். பள்ளி விட்டதும் கண்ணு ஓடி வருவாள். ஆசிரியை இப்போது அவள்தான். தப்பாகச் செய்தால் அம்மாவின் புறங்கையில் செல்லமாக ஒரு தட்டு. அம்மாவின் தலையை வாரிவிடுவாள். மதரின் நடையை வார்டு நடுவில் நடந்து காட்டுவாள். அந்த நேரம் பார்த்து மதரே உள்ளே வந்துவிட, வியாபாரி அக்கா தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"பிள்ளைகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"இன்னும் இல்ல."

"நாளைக்கு நாளைக்குன்னு தள்ளாதீங்க சிஸ்டர். நமக்கு நாள் கையில இல்ல."

சிஸ்டர் அதை அம்மாவிடம் சொன்னார். அவள் கெட்டியாகத் தலையாட்டி மறுத்தாள். "வேண்டாம் சிஸ்டர். இப்பத்தான் சிரிக்குது. அது சிரிக்கறத பாத்துக்கிட்டே போயிடறேன். அப்புறம் நீங்க சொல்லிக்குங்க."

அன்று சாயந்திரமே கண்ணு கேட்டுவிட்டாள். பரீட்சை முடிந்து விடுமுறை வரப்போகிறது. அம்மாவோடு வீட்டுக்குப் போக வேண்டும். அம்மாவின் கைப் பாடம் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை என்பதால் சிஸ்டரைப் பார்த்துக் கேட்டாள். "அம்மாவுக்கு எப்ப நல்லாகும்?"

சிஸ்டர் அதை வாயால் சொன்னார். அம்மா சிஸ்டரின் முகத்தையே பார்த்தாள். "சீக்கிரம்னு சொல்லுங்க," என்றாள். குரல் கெஞ்சியது. "சொல்லுங்க சிஸ்டர்."

கண்ணு சிஸ்டரின் கைகளைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். ஆறு வருடமாக அவள் உலகத்தைப் பற்றித் தெரிந்துகொண்டதெல்லாம் அந்தக் கைகளிலிருந்துதான். சிஸ்டர் கையைத் தூக்கினார். சீக்கிரம், என்றார்.

கண்ணு துள்ளிக் குதித்து ஓடினாள். சிஸ்டர் கோவிலுக்குப் போய்க் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தார். ஜெபம் வரவில்லை.

பரீட்சை நடந்துகொண்டிருந்த ஒரு காலையில் அம்மாவுக்கு மூச்சு மாறியது. நர்ஸம்மா ஆள் அனுப்பினார். சிஸ்டர் வரும்போதே ஆயாவைப் பள்ளிக்கூடத்துப் பக்கம் விரட்டினார். "ஓடு, கண்ணுவ கூட்டிட்டு வா. பரீட்சையெல்லாம் அப்புறம்."

அம்மாவுக்குப் பேச்சு நின்றிருந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. சிஸ்டர் குனிந்து, "கண்ணு வந்துட்டே இருக்கா" என்றார். அவள் கையைத் தூக்கினாள். சிஸ்டர் சொல்லிக்கொடுத்த எந்தச் சைகையும் அல்ல அது. காது மடலைத் தொட்டாள். உள்ளங்கையைக் குவித்துக் காதுக்குக் கீழே வைத்தாள். பிறகு அந்தக் கையை வாய்க்கு நேரே கொண்டுவந்து மெல்ல ஊதினாள். சிஸ்டருக்குப் புரியவில்லை.

"என்னம்மா? தண்ணி வேணுமா?"

அவள் மறுபடி செய்தாள். காது மடல், குவிந்த கை, ஊதல். சிஸ்டரின் கண்ணுக்குள் பார்த்துக்கொண்டு, இதைச் சொல்லிவிடு என்பது போலச் செய்தாள்.

"சொல்றேம்மா, சொல்றேன்," என்றார் சிஸ்டர், என்னவென்று தெரியாமலேயே.

மூன்றாவது தடவை கை காது வரைக்கும் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே கிணற்றைத் தாண்டிக் கண்ணு ஓடி வருவது தெரிந்தது. கையில் பேனா இருந்தது. அவள் வந்து நின்றபோது நர்ஸம்மா அம்மாவின் கண்களை மூடிவிட்டிருந்தார்.

கண்ணு முதலில் அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். பிறகு எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள். சிஸ்டரிடம் வந்து நின்றாள்.

"சீக்கிரம்னு சொன்னீங்க."

சிஸ்டர் பதில் சொல்லக் கையைத் தூக்கினார்.

"உங்க கைதான் சொல்லுச்சு," என்றாள் கண்ணு. அவ்வளவுதான். அழவில்லை.

சூளைக்குப் பின்னால் இருந்த ஊரில் அடக்கம் நடந்தது. வேனிலேயே எல்லாரும் போய்த் திரும்பினார்கள். அதற்குப் பிறகு கண்ணு வகுப்பில் சிஸ்டரைப் பார்ப்பதில்லை. சிஸ்டர் கையைத் தூக்கினால் புத்தகத்தைப் பார்ப்பாள். பக்கத்துப் பிள்ளை சொல்வதைப் பார்த்து எழுதுவாள். மதர் அவளை வேறொரு டீச்சரின் வகுப்புக்கு மாற்றினார். அங்கே ஒழுங்காகப் படித்தாள். சாப்பிட்டாள். யாருடைய நடையையும் நடந்து காட்டவில்லை.

விடுமுறைக்கு முன்னால் ஒரு நாள் சிஸ்டர் துணி காயவைத்துக்கொண்டிருந்தபோது அவளாக வந்தாள். கொடிக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"அம்மா கடைசியா என்ன சொன்னா?"

சிஸ்டர் ஈரத்துணியைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். அம்மா செய்தபடியே செய்தார். காது மடல். குவிந்த கை. மெல்ல ஓர் ஊதல். ஒன்றும் விட்டுப்போகாமல், அதே நிதானத்தில்.

கண்ணு உன்னித்துப் பார்த்தாள். தானும் செய்து பார்த்தாள். மறுபடி செய்தாள். நெற்றி சுருங்கியது. கையைக் காதுக்குக் கீழே வைத்தபடியே கொஞ்ச நேரம் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கை கீழே விழுந்தது.

"தெரியல," என்றாள். "மறந்துபோச்சு."

அப்போதுதான் அழுதாள். அவள் குரல் அவளுக்குக் கேட்காததால் அதை அடக்கவும் தெரியவில்லை. வளாகம் முழுக்கக் கேட்டது. சிஸ்டர் கொடியைத் தாண்டிப் போய் அவளைக் கட்டிக்கொள்ளப் பார்த்தார். அவள் விலகித் துணிகளுக்கு நடுவே புகுந்து ஓடினாள்.

விடுமுறைக்கு அழைத்துப் போக வந்த மாமாவிடம் சிஸ்டர் அதைச் செய்துகாட்டிக் கேட்டார். மாமா தலையைச் சொறிந்தார். "அவங்க ரெண்டு பேரும் என்னென்னவோ பண்ணுவாங்க சிஸ்டர். நாங்க பாத்து சிரிப்போம். என்ன ஏதுன்னு கேட்டதே இல்ல." பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கேட்டிருக்கணும்" என்றார்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. கண்ணு வரவில்லை.

சிஸ்டர் டாக்டரம்மாவின் வேனில் ஏறிக்கொண்டு சூளைக்குப் போனார். புகையும் வெயிலும் சேர்ந்து கண்ணை எரித்தது. வேனைச் சுற்றிப் பெண்கள் வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள். டாக்டரம்மா இப்போதெல்லாம் "ஒண்ணுமில்ல" என்கிற பதிலைக் கேட்டுக்கொள்வதில்லை. திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் ஒவ்வொருத்தியையும் சோதித்துவிட்டுத்தான் விடுகிறார்.

கண்ணு களத்தில் இருந்தாள். காயப்போட்டிருந்த பச்சைக் கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டிவைத்துக்கொண்டிருந்தாள். முடியெல்லாம் செம்மண். மாமாவின் மனைவி ஓடி வந்தாள்.

"நாங்க வேலைக்கு விடல சிஸ்டர், சத்தியமா! நீ போய்ப் படிடின்னு நானும் தலபாடா அடிச்சுக்கறேன். சோறு தின்னுட்டு நேரா இங்க வந்து ஒக்காந்துக்குது. அவங்கம்மா வேலை செஞ்ச களம் இது."

சிஸ்டர் போய் எதிரில் குத்தவைத்து உட்கார்ந்தார். கண்ணு நிமிர்ந்து பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அதுவே சிஸ்டருக்குப் பெரிதாக இருந்தது.

"பள்ளிக்கூடத்துக்கு வா," என்றார் சிஸ்டர்.

கண்ணு கையில் இருந்த மண்ணைப் பாவாடையில் துடைத்தாள். "அம்மா இங்க இருந்தப்ப நான் அங்க இருந்தேன்," என்றாள். நிதானமாக, சிஸ்டருக்குப் புரியும் வேகத்தில். "இப்ப நான் இங்க இருக்கேன்."

அம்மா உன்னைப் படிக்கத்தான் அனுப்பினாள் என்று சொல்லலாம். அது உண்மைதான். ஆனால் தன் கை சொல்வதை இனி இவள் ஏன் நம்ப வேண்டும்?

"உன்கிட்ட நான் பொய் சொன்னேன்," என்றார் சிஸ்டர். "அம்மா சொல்லச் சொன்னாங்க. ஆனா சொன்னது என் கை. தப்பு என்னுதுதான்."

கண்ணு அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்றோ பரவாயில்லை என்றோ சொல்லவில்லை. திரும்பக் கல்லைப் புரட்ட ஆரம்பித்தாள். சிஸ்டரும் பக்கத்தில் உட்கார்ந்து புரட்டினார். வேன் ஹாரன் அடித்தபோது ஒரு வரிசை பாக்கி இருந்தது. அதை முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

"இப்படி விட்டுட்டு வர்றீங்களே, வேன்ல தூக்கிப் போட்டுட்டு வந்திருக்கலாம்ல?" என்று டாக்டரம்மா கடிந்துகொண்டார்.

"ஒருதடவ தூக்கிட்டு வந்து விட்டாச்சு டாக்டர். இந்தத் தடவ அவளா வரட்டும்."

அந்தப் பதில் சரிதானா என்று சிஸ்டருக்கே நிச்சயமில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை வெயிலில் கிடக்கிறது. மதர் கோபித்துக்கொண்டார். ஒவ்வொரு வாரமும் வேன் கிளம்பும்போது சிஸ்டர் தன் வகுப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஏறிக்கொண்டார். போய்ச் சேர்ந்ததும் களத்தில் உட்கார்ந்து கல் புரட்டுவார். சில நாள் கண்ணு ஒரு வார்த்தை சொல்வாள். சில நாள் அதுவும் இருக்காது. சூளைப் பிள்ளைகள் இந்த வெள்ளைச் சேலைக்காரி மண்ணில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சிரித்தன.

மழை வந்தது. களம் சேறாகியது. சூளை நின்றது. வேறு ஊரில் சுமை தூக்கும் வேலை இருக்கிறது என்று மாமா மூட்டை கட்ட ஆரம்பித்தார். அன்று வேன் வந்தபோது கண்ணு ஒரு துணிப்பையோடு வாசலில் நின்றாள். மாமா தடுக்கவில்லையாம். அத்தைதான் தலையை வாரிப் பின்னிவிட்டிருந்தாள்.

கண்ணு வேனில் ஏறினாள். சிஸ்டருக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அதைத் தாண்டிப் போய் நர்ஸம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பையை அணைத்துக்கொண்டாள். வேன் சேற்றில் புதைந்து, உறுமி, நகர்ந்தது. பின்கண்ணாடி வழியாகக் களம் மறையும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிஸ்டருக்குத் திரும்பிப் பார்த்து ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. குளிருதா என்றாவது கேட்கலாம். சாப்பிட்டியா என்றாவது கேட்கலாம். ஒன்றும் கேட்காமல் கைகளை மடியில் கோத்து வைத்துக்கொண்டு வழி முழுக்க மழையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.